ஐந்து வாட்டும் ஐம்பது வாட்டும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சிறிய குரல் உடையவன் தொலைவில் இருப்பவனை எப்படி அழைப்பது? "உரக்கக் கத்து" என்பதுதான் எல்லோரும் சொல்லும் விடை. வரப்பில் நின்று அக்கரைக்காரரைக் கூப்பிடும் உழவரும், கூட்டத்தில் ஒலிபெருக்கியைத் தேடும் பேச்சாளரும் அந்த விடையையே நம்புகிறார்கள். சிறிய வானொலிக் கருவியை வைத்திருக்கும் என் போன்ற மாணவனுக்கும் முதலில் தோன்றுவது அதுவே. கையில் ஐந்து வாட் கருவி இருந்தால் மனம் ஐநூறு வாட் பெருக்கியின் மேல் போகிறது. ஆனால் அந்த விடையில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியைக் கடந்த ஓராண்டில் கற்றுக்கொண்டேன். அதை நம் கல்லூரி நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெச்சூர் வானொலி

அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் ரேடியோ என்ற பெயரை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். வணிக நோக்கம் ஏதுமின்றி, ஆர்வத்துக்காகவும் கல்விக்காகவும், தேர்வு எழுதி அரசின் உரிமம் பெற்ற ஒருவர் தம் வீட்டிலேயே சிறு நிலையம் அமைத்துப் பிற நிலையங்களோடு பேசுவதே அது. இதற்கான உரிமத்தை நம் நாட்டில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வழங்குகிறது. தேர்ச்சி பெற்றவருக்கு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். இந்தியர்களின் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். அந்தக் குறிதான் வானில் அவருடைய பெயர். சாதி, மதம், ஊர், பணம் எதுவும் அங்கே கேட்கப்படுவதில்லை.

இந்தக் கலை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டி என்பார் முன்னின்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 31 முதல் அக்கழகம் ஒலிபரப்பியது. முதலில் அவர்கள் பயன்படுத்திய கருவியின் திறன் 40 வாட். பின்னர் அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள். பண நெருக்கடியால் 1927-இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. அந்த நாற்பதையும் இருநூறையும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் அவை தேவைப்படும்.

ஏன் இந்த நாட்டம்?

"படிக்க வந்த இடத்தில் இது எதற்கு?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒரு புயலின் பெயர்.

நான் வேதாரண்யம் பகுதியைச் சேர்ந்தவன். அப்பா உப்பளத் தொழிலாளி. அம்மாவும் உப்பு வாரும் பருவத்தில் அங்கேதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது நான் எட்டாம் வகுப்பு மாணவன். விடிந்து பார்த்தால் தென்னைகள் தலையின்றி நின்றன. பல அடியோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் வயல்களில் படுத்திருந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. எங்கள் வீட்டுக் கூரை போனதே தவிர, எங்கள் நால்வர் உடம்பிலும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் அந்த நற்செய்தியைச் சொல்ல வழியில்லை. சென்னையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா நான்கு நாட்கள் எங்கள் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான்கு நாளும் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். ஐந்தாம் நாள் அத்தான் அரிசியும் மெழுகுவத்தியும் தண்ணீர்க் கேன்களுமாக வந்து சேர்ந்தார். விழுந்த மரங்களைத் தாண்டிக் கடைசித் தூரத்தை நடந்தே வந்திருந்தார். எங்களைக் கண்டதும் பேச்சு வராமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வேதாரண்யத்திலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். "எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்" என்ற மூன்று சொற்கள் அந்த 300 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து நாட்கள் ஆயின.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் அங்கிருந்து செய்திகளைப் பரிமாறி, உறவினரைத் தேடித் தவித்த பலருக்கு உதவினார் என்பதைப் பின்னாளில் படித்தேன். அன்றே முடிவு செய்தேன்: எங்கள் வீட்டிலும் ஒரு நிலையம் இருக்க வேண்டும்.

ஐந்து வாட் கருவி

எண்ணம் பெரிது, கைப்பணம் சிறிது. வெளிநாட்டு நிறுவனங்களின் 100 வாட் கருவியை வாங்க எங்கள் வீட்டு ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கு போய்விடும். இந்த இடத்தில் எனக்குத் துணைநின்றவர் ஐதராபாத்தைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர் அஷ்ஹர் ஃபர்ஹான். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. எளிய கடைகளில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு, மாணவனும் கட்டக்கூடிய 'பிட்எக்ஸ்' என்ற டிரான்சீவரை அவர் வடிவமைத்து, அதன் சுற்றுப்படத்தை உலகுக்கே வெளியிட்டார். அனுப்பவும் வாங்கவும் ஒரே சுற்று இரு திசையிலும் வேலை செய்யும் என்பது அதன் சிறப்பு. நம் துறை ஆய்வகத்தில், விரிவுரையாளர் ஒருவரின் அனுமதியோடு, மாலை வேளைகளில் அந்த அமைப்பை ஒட்டி ஒரு கருவியைக் கட்டினேன். 7 மெகாஹெர்ட்சில், அதாவது 40 மீட்டர் பட்டையில், அது கொடுத்த திறன் ஐந்து வாட். இரவு விளக்குக்கும் ஏறத்தாழ அவ்வளவு மின்சாரம்தான்.

கருவியைப் பார்த்த நண்பன் சொன்னான்: "டேய், ஐந்து வாட்டில் கல்லூரிக் கேட்டைத் தாண்டுமா? ஒரு பெருக்கியை மாட்டு!"

அவன் சொன்ன பெருக்கி எங்கள் கண்முன்னேயே இருந்தது. கல்லூரிக்கு அருகே வசிக்கும் மூத்த அமெச்சூர் ஒருவர், தபால் தந்தித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எங்களுக்கு ஆசான் போன்றவர். அவர் வீட்டு மூலையில், இளமையில் தம் கையாலேயே கட்டிய வால்வுப் பெருக்கி ஒன்று நின்றது. இரண்டு 811ஏ வால்வுகள். அவற்றுக்கு 1250 வோல்ட் தரும் மின்மாற்றி. இருவர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். ஏற்றிவைத்தால் வால்வுகள் கோயில் விளக்குப் போல் ஒளிரும். நண்பன் அதைக் கண்டதும், "அய்யா, இதில் நம் ஐந்து வாட்டைச் செருகினால் ஐநூறு வருமா?" என்றான்.

அய்யா சிரித்தார். "யானைப் பசிக்குச் சோளப்பொரியா, தம்பி? இது முழுத் திறனைக் கொடுக்க உள்ளே நாற்பது ஐம்பது வாட் கேட்கும். உங்கள் ஐந்து வாட்டைக் கொடுத்தால் ஐம்பது வாட்தான் தரும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். இதற்கு ஐந்து பார்த்தால் போதும். ஆனால் ஐந்தில் ஒன்று குறைந்தாலும் புகைதான் வரும்."

பத்து மடங்கின் விலை

பொருத்தங்களைச் சொல்லுமுன் ஒரு கணக்கு. திறன் பத்து மடங்கானால் கேட்பவர் காதில் பத்து மடங்கு விழுமா? விழாது. பத்து மடங்கு என்பது 10 டெசிபல். இரு மடங்கு என்பது ஏறத்தாழ 3 டெசிபல். நூறு மடங்கானாலும் 20 டெசிபல்தான். வாங்கியில் உள்ள 'எஸ்' அளவுகோலில் ஒரு படிக்கு 6 டெசிபல் என்பது மரபு. எனவே 5 வாட்டை 50 வாட்டாக்கினால், எதிர்முனையில் முள் ஒன்றரைப் படிக்குச் சற்று மேலே நகரும். 500 வாட்டாக்கினாலும் மூன்று படிக்குச் சற்று மேல், அவ்வளவே. 1924-இல் தொடங்கிய சென்னைக் கழகம் நாற்பதை இருநூறாக்கியதை நினைத்துப் பாருங்கள். ஐந்து மடங்கு என்பது 7 டெசிபல். ஏறத்தாழ ஒரே ஒரு படி!

அப்படியானால் பெருக்கி வீணா? அதுவும் இல்லை. செய்தி தெளிவாகக் கேட்கும் நாளில் ஒன்றரைப் படியால் பயன் ஒன்றுமில்லை. ஆனால் இரைச்சலோடு இரைச்சலாக நம் குரல் மூழ்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், கேட்கவில்லை என்பதற்கும் கேட்கிறது என்பதற்கும் இடையே நிற்பது அந்தப் பத்து டெசிபல்தான். தேர்வில் எண்பது எடுத்தவனுக்கு ஐந்து மதிப்பெண் பெரிதன்று. முப்பத்தெட்டு எடுத்தவனுக்கு அதுவே வாழ்வு.

ஐந்து பொருத்தங்கள்

முதலாவது, திறன் பொருத்தம். பெருக்கி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே கொடுக்க வேண்டும். குறைந்தால் யானைப் பசி, மிகுந்தால் சேதம். வால்வு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்; டிரான்சிஸ்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். வால்வுப் பெருக்கியை விட்டுவிட்டு, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெருக்கி ஒன்றை அய்யாவின் வழிகாட்டலில் கட்டினோம். உயர் அதிர்வெண்ணுக்கென்றே செய்த இரண்டு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் எதிரெதிராக மாறி மாறி வேலை செய்யும் சுற்று அது. அதன் பெருக்கம் 13 டெசிபல், அதாவது இருபது மடங்கு. எங்கள் 5 வாட்டை அப்படியே விட்டால் அது நூறு வாட்டுக்குத் திணறும். ஆகவே நுழைவாயிலில் மின்தடைகளால் ஆன 3 டெசிபல் தணிப்பான் ஒன்றை வைத்தோம். ஐந்து இரண்டரையாகி, இரண்டரை ஐம்பதாயிற்று. "கஷ்டப்பட்டு உண்டாக்கிய திறனில் பாதியை எரித்துவிடுவதா?" என்று நண்பன் வருந்தினான். அந்த இழப்பில்தான் இரண்டாவது பொருத்தம் அடங்கியிருந்தது.

இரண்டாவது, தடைப் பொருத்தம். டிரான்சீவரின் வெளிவாயில் 50 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. பெருக்கியின் உள்வாயில் எல்லா அதிர்வெண்ணிலும் 50 ஓமாக இருப்பதில்லை. வேறுபட்டால் திறனில் ஒரு பகுதி திரும்பி வந்து சிறிய கருவியைச் சுடும். இடையில் நிற்கும் 3 டெசிபல் தணிப்பான் போகும் அலையையும் பாதியாக்குகிறது. திரும்பும் அலையையும் பாதியாக்குகிறது. ஆகவே திரும்பும் அலை முன்னையதில் நாலில் ஒரு பங்காகிவிடும். வீட்டில் சண்டை வராமல் இருபக்கமும் தணிக்கும் பெரியவர் போன்றது அது.

மூன்றாவது, வடிவப் பொருத்தம். மனிதக் குரலை ஏற்றிச் செல்லும் அலையின் வடிவம் கெடாமல் பெரிதாக வேண்டும். இதையே நேரியல் பெருக்கம் என்கிறோம். மோர்ஸ் குறியில் இருப்பது 'உண்டு, இல்லை' என்ற இரண்டே நிலைகள். அதற்கு நேரியல் அல்லாத பெருக்கியும் போதும். குரலுக்குப் போதாது. பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அலையின் தலை தட்டையாகும். நம் பேச்சு பக்கத்து அலைவரிசைகளிலும் தெறிக்கும். மேலும் 7 மெகாஹெர்ட்சோடு 14, 21 என்று மடங்கு அலைகளும் பிறக்கும். டிரான்சீவருக்குள்ளேயே ஒரு வடிப்பான் இருக்கிறதே என்று எண்ணலாம். ஆனால் புதிய மடங்கு அலைகளைப் பெருக்கியல்லவா உண்டாக்குகிறது? எனவே பெருக்கிக்குப் பின்னாலும் தாழ்பட்டை வடிப்பான் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நான்காவது, காலப் பொருத்தம். பேசும்போது பெருக்கி குறுக்கே வர வேண்டும்; கேட்கும்போது விலகி நிற்க வேண்டும். இதை ஒரு ரிலே செய்கிறது. ரிலே புரண்டு முடிய ஆயிரத்தில் சில வினாடிகள் ஆகும். அது முடியுமுன் அலை வந்தால் ரிலே முனைகளில் பொறி பறக்கும். முதலில் ரிலே, பிறகு அலை. முடிக்கும்போது முதலில் அலை நிற்க, பிறகு ரிலே. இந்த வரிசை மாறவே கூடாது. இன்னொன்று: பழைய வால்வுப் பெருக்கிகளில் சிலவற்றின் ரிலே கம்பியில் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அய்யாவின் பெருக்கியும் அப்படிப்பட்டதே. சிறிய டிரான்சீவரின் மெல்லிய டிரான்சிஸ்டரை நேரே அதனோடு இணைத்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது. இடையில் ஒரு சிறு ரிலேயும், அதன் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடும் வைத்தால் போதும்; செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஐந்தாவது, உணவுப் பொருத்தம். இதுதான் என் கருத்தை முற்றிலும் மாற்றியது.

பேட்டரி சொன்ன பாடம்

50 வாட் அலையை உண்டாக்க, செயல்திறன் பாதி என்று கொண்டால், பெருக்கி 100 வாட் மின்சாரம் உண்ணும். பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 8 ஆம்பியர். மீதி 50 வாட் சூடாக வெளியேறும். அதனால்தான் உள்ளங்கையைவிடப் பெரிய அலுமினிய இறகுகள் தேவைப்படுகின்றன. எங்கள் சிறு கருவியோ பேசும்போது ஒன்றரை ஆம்பியர், கேட்கும்போது 0.2 ஆம்பியர்.

இப்போது புயல் நாளை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் இல்லை. கையில் 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. மணிக்குப் பத்து நிமிடம் பேசி, ஐம்பது நிமிடம் கேட்பதாகக் கொள்வோம். ஐந்து வாட் கருவிக்குச் சராசரி 0.42 ஆம்பியர், பேட்டரி நான்கு நாட்கள் தாங்கும். பெருக்கியும் சேர்ந்தால் சராசரி 1.75 ஆம்பியர்; ஒரே நாளில் தீர்ந்துவிடும். ஈய-அமில பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதால் இரண்டையும் பாதியாகக் கொள்க: இரண்டு நாளும் அரை நாளும். அக்கா காத்திருந்தது நான்கு நாள். உரக்கக் கத்துபவன் விரைவில் தொண்டை கட்டிப்போவான் என்பது இங்கே ஓமின் விதியைப் போலவே உறுதி.

ஆகவே பெருக்கியில் ஓர் ஏற்பாடு செய்தோம். அதன் சுவிட்சை அணைத்தால் ரிலே ஓய்ந்து, டிரான்சீவர் நேராக ஆண்டெனாவோடு இணைந்துவிடும். பெருக்கி பழுதானாலும் ஐந்து வாட் நிற்காது. பெருக்கி என்பது எப்போதும் ஏறி உட்காரும் வண்டியன்று. ஆற்றைக் கடக்கும்போது மட்டும் ஏறும் பரிசல்.

50 வாட்டோடு நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்குக் கிடைத்திருப்பது தொடக்க நிலை உரிமம். 2009-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளில் இந்நிலைக்குக் குற்றலைப் பட்டைகளில் 50 வாட் வரையும், பொது நிலைக்கு 400 வாட் வரையும் எல்லை வகுக்கப்பட்டது. விதி ஒரு தடை என்று நண்பன் சொன்னான். எனக்கோ அது நல்ல பொருளாதாரமாகவும் பட்டது.

சோதனை

முதலில் ஆண்டெனாவை இணைக்கவில்லை. 1000 ஓம், 2 வாட் மின்தடைகள் இருபதை இணையாகப் பற்றவைத்தோம். இருபதில் ஒரு பங்காகி 50 ஓம். தாங்கும் திறன் 40 வாட். எண்ணெயில் மூழ்கவைத்தால் சிறிது நேரம் 50 வாட்டையும் தாங்கும். இந்தப் போலிச் சுமையின் குறுக்கே ஆய்வக அலைநோக்கியை வைத்துப் பார்த்தோம். டிரான்சீவர் மட்டும்: உச்சம் 22 வோல்ட். பெருக்கியோடு: 70 வோல்ட். உச்ச மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையின் இருமடங்கால் வகுத்தால் திறன். ஐந்தும் ஐம்பதும் கணக்குப் பிசகாமல் வந்து நின்றன. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் திரையில் பச்சைக் கோடாக எழுந்து நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை அறிவியல் மாணவர்கள் உணர்வார்கள்.

பிறகு ஆண்டெனா. 7.1 மெகாஹெர்ட்சுக்கு அரை அலைநீள இருமுனை ஆண்டெனாவின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். பக்கத்துக்குப் பத்து மீட்டர் செப்புக் கம்பி. அதை மிக உயரத்தில் கட்ட வேண்டும் என்றே நான் எண்ணியிருந்தேன். அய்யா, "சென்னைக்குத்தானே பேச வேண்டும்? அமெரிக்காவுக்கு இல்லையே?" என்றார். தாழ்வாகக் கட்டிய கம்பி அலையை ஏறக்குறைய நேர்மேலே அனுப்புகிறது. அயனமண்டலம் அதைக் குடைபோல் விரித்து, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குத் திருப்பித் தருகிறது. ஐந்தாறு மீட்டர் உயரம் போதும். தென்னை முறிந்த ஊரிலும் அந்த உயரத்துக்கு இரண்டு மூங்கில் கழிகள் கிடைக்காமலா போகும்? பகலில் 40 மீட்டர் பட்டை. இரவில் அயனமண்டலம் மெலியும்போது 80 மீட்டர் பட்டைக்கு இறங்க வேண்டும். கம்பியை இருமடங்கு நீட்டினால் ஆயிற்று.

ஒரு ஞாயிறு காலை சென்னையிலிருந்த நிலையம் ஒன்றோடு பேசினோம். ஐந்து வாட்டில் அவர் தந்த குறிப்பு: தெளிவு ஐந்து, வலிமை ஐந்து. பெருக்கியோடு: தெளிவு ஐந்து, வலிமை ஏழுக்குச் சற்றுக் குறைவு. "முன்பே சொல் சொல்லாகப் புரிந்தது, தம்பி, பெருக்கியை அணைத்துவிடுங்கள்" என்றார். இன்னொரு மாலை. எங்கள் வானம் தெளிவாக இருந்தாலும் தொலைவில் எங்கோ இடி. வாங்கி முழுவதும் கரகரப்பு. ஐந்து வாட்டில் எங்கள் அழைப்புக் குறியைக்கூட அவரால் பிடிக்க முடியவில்லை. பெருக்கியை ஏற்றினோம். மூன்று முறை திருப்பிச் சொன்னதும் செய்தி முழுதும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பத்து டெசிபலின் மதிப்பை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

கேட்கும் காது

ஒன்றை மட்டும் எந்தப் பெருக்கியும் செய்யாது. அது நம் குரலைப் பெரிதாக்கும். பிறர் குரலை நமக்குப் பெரிதாக்காது. ஐம்பது வாட்டில் முழங்கிவிட்டு, ஐந்து வாட்டில் வரும் மறுமொழியைக் கேட்க முடியாதவனால் யாருக்கு என்ன பயன்? எங்கள் வீட்டில் மலிவான எல்.இ.டி. விளக்கு ஒன்றை அணைத்ததும் வாங்கியின் இரைச்சல் இரண்டு படி இறங்கியது. அதாவது, 12 டெசிபல்! பெருக்கி தந்ததைவிட அதிக லாபம்; செலவு ஒன்றுமில்லை.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலத்தின் ஒலிபரப்பியின் திறன் ஏறத்தாழ 23 வாட். 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்து அது அனுப்பிய செய்தியைப் பூமியில் 70 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனாக்கள் கேட்டிருக்கின்றன. கத்துபவன் பெரியவனாக இருந்து நிகழ்ந்ததன்று அது. கேட்பவன் பொறுமையாளனாக இருந்ததால் நிகழ்ந்தது. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் நிற்பதன் பொருளும் இதுதானோ என்று எண்ணுகிறேன்.

என் நிலையம் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. சென்ற விடுமுறையில் அப்பா உப்பளத்திலிருந்து வந்து, கால் கழுவாமலே பக்கத்தில் குந்திப் பார்த்தார்.

"இதுக்கு டவர் வேணாமா?"

"வேணாம்பா."

"கரண்டு?"

"பேட்டரி போதும்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அன்னைக்கு இது இருந்திருந்தா ஒங்கக்கா அடுப்பு பத்த வெச்சிருப்பா" என்றார். என் படிப்பைப் பற்றி அப்பா சொன்ன பாராட்டு அது ஒன்றுதான். எனக்கு அது போதும்.

நண்பர்களே!

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலருக்கு, நம் குரல் சிறியது என்ற எண்ணம் உண்டு. ஆங்கிலம் தெரியவில்லை, பணம் இல்லை, பெரிய மனிதர் தொடர்பு இல்லை. யாராவது ஒரு பெருக்கியைக் கொடுத்தால் போதும் என்று ஏங்குகிறோம். பட்டம் ஒரு பெருக்கிதான். பதவியும் ஒரு பெருக்கிதான். ஆனால் பெருக்கி எதையும் புதிதாகப் படைப்பதில்லை. கொடுத்ததைத்தான் பெரிதாக்கும். தெளிவைக் கொடுத்தால் தெளிவு. கரகரப்பைக் கொடுத்தால் பெரிய கரகரப்பு. ஐந்து வாட்டைத் தூய்மையாக வைத்திருப்பவனுக்கே ஐம்பது வாட் துணை செய்யும்.

நம் கல்லூரியிலும் ஒரு வானொலி நிலையம் அமைய வேண்டும் என்பது என் விருப்பம். நம் மாணவர்களில் பலர் கடலோரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ஊருக்கு ஒருவர் உரிமம் பெற்று, ஒரு சிறு கருவியும், சுருட்டிப் பையில் வைக்கத்தக்க 20 மீட்டர் கம்பியும், ஒரு பேட்டரியும் வைத்திருந்தால், அடுத்த புயலின்போது எந்த அக்காவும் நான்கு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய பெருக்கிகளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் தேர்வுக்குப் படிப்போம்; கம்பியைக் கட்டுவோம்; காது கொடுத்துக் கேட்கப் பழகுவோம். இயற்பியல் துறையில் மாலை நான்கு மணிக்குப் பிறகு என்னைக் காணலாம். வருகிறவர்களுக்கு, ஈயம் பற்றவைப்பது முதல் எனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் சொல்லித்தரக் காத்திருக்கிறேன்.